வெள்ளை ஓரத்தில் மாட்டிக்கொண்ட கடம்பன்

எல்லாம் நீ செய்த வேலை, மந்திரவாதியே. பேசுகிற பெட்டியை ஒருத்தி தலையில் கட்டிவிட்டு ஓடினாயே, அதற்குத் தமிழை ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தாயா?

நீங்களே கேளுங்கள். மலையெல்லாம் குட்டியாக இருந்த காலத்தில், கடலோர ராஜ்ஜியம் ஒன்றில் அஞ்சுகம் என்று ஒரு சித்திரக்காரி. அரண்மனை மண்டபம் முழுக்கப் படத்துணி தொங்க வேண்டும், ஜனங்கள் நடுவில் புகுந்து நடக்க வேண்டும் என்று அரசர் ஆசைப்பட்டார். மந்திரவாதி கொடுத்த பெட்டி அவளிடம் இருந்தது. படத்தை அதன் வாயில் வைத்தால், புள்ளி புள்ளியாக மை தெளித்து, கேட்ட அளவில் துணியாகத் துப்பும்.

அஞ்சுகம் கடலை வரைந்து வைத்தாள். "ஆள் உயரத்துக்கு ஒரு திரை கொடு."

கொடுத்தது. துணியை அல்ல, அலையை. வேடிக்கை பார்க்க வந்த அவள் தம்பி, படகோட்டி கடம்பனை வாரிச் சுருட்டிக்கொண்ட பிறகுதான் அது துணியாகக் காய்ந்தது. அச்சுக் கடலுக்குள் நின்று கடம்பன் விழித்தான்.

"என்ன காரியம் செய்தாய்?"

"அலைக்கும் திரை என்றுதானே பெயர்?" என்றது பெட்டி.

"தம்பியைத் துப்பு."

"விழுங்கியதைத் துப்ப மாட்டேன். வேண்டுமானால் இன்னொரு துணி தருகிறேன்."

"பத்து."

"இரண்டு."

"மூன்று. இல்லையென்றால் அடுப்பில் வைப்பேன்."

"மூன்றே இருக்கட்டும்."

தம்பி அதில் ஏறி வெளியே வரட்டும் என்று படகு வரைந்தாள். துணி வந்தது, கடலுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டாள். கடம்பன் ஓடிவந்து நின்றான். "அக்கா, ஓரமெல்லாம் வெள்ளை. கால் வைக்க இடமில்லை."

பாலம் வரைந்தாள். மறுபக்கம் தொங்கவிட்டாள். "அக்கா, இங்கேயும் வெள்ளை."

கரை வரைந்தாள். "அக்கா, உனக்குக் கண் தெரியவில்லையா?"

அப்போதுதான் பார்த்தாள். ஒவ்வொரு துணியிலும் நாலு விரல் வெள்ளையைப் பெட்டி சுற்றிலும் விட்டிருந்தது. வெள்ளையை உள்ளே மடித்தாள், படத்தோடு படம் முட்டத் தைத்தாள், மண்டபத்தில் வரிசையாகத் தொங்கவிட்டாள். கடம்பன் கடலிலிருந்து படகுக்கு, படகிலிருந்து பாலத்துக்கு, பாலத்திலிருந்து கரைக்கு வந்து, தரையில் குதித்தான். அரசர் மகிழ்ந்து மண்டபத்தையே அஞ்சுகத்துக்கு எழுதிக்கொடுத்தார்.

ஆனால் அந்தப் பாழாய்ப்போன பெட்டி கரையை இடவலம் மாற்றி அச்சடித்திருந்தது. அவசரத்தில் யார் பார்த்தார்கள்? கடம்பனும் இடவலம் மாறியே வெளியே வந்தான். துடுப்புப் போட்டால் படகு வட்டமடிக்கிறது. வீட்டுக்குப் போனால் மனைவி பூவாயி கதவைத் திறக்கவில்லை.

"என் புருஷனுக்கு மச்சம் இடது கன்னத்தில். நீர் யார்?"

"நான்தான் பூவாயி."

"மச்சத்தை மாற்றிக்கொண்டு வாரும், பார்க்கலாம்."

வாசலிலேயே நிற்கிறான் பாவம். தைக்க வேண்டியதை அஞ்சுகம் தைத்துவிட்டாள், மந்திரவாதியே. மிச்சம் உன் பாடு. சாக்குச் சொல்லாமல் வந்து, அந்த மச்சத்தை இருந்த கன்னத்தில் வைத்துவிட்டுப் போ.