மயிலை பிடித்த கானாங்கோழி

ஏரிக்கரைக் கோரைப்புல்லுக்குள் ஒரு காட்டுப்பூனைக் குடும்பம் இருந்தது. அப்பா பூனை முறுக்கன். அம்மா பூனை மயிலை. அவர்களுக்கு ஒரே பெண் குட்டி, தவிட்டி.

முறுக்கன் வேட்டைக்குப் போய் வரும். கொண்டு வந்ததை மயிலை சுத்தம் செய்து, பக்குவமாகப் பங்கு வைத்துக் குட்டிக்கு ஊட்டும். அதோடு இன்னொரு வழக்கமும் அந்த வீட்டில் இருந்தது.

"ஒரு கோழியைப் பிடிக்க இவ்வளவு நேரமா?" என்று மயிலை கேட்கும்.

"ஒரு கோழியைப் பிய்க்க இவ்வளவு நேரமா?" என்று முறுக்கன் திருப்பிக் கேட்கும்.

ஒரு சமயம் தவிட்டிக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் விட்டபோது குட்டி எலும்பும் தோலுமாகக் கிடந்தது. தலையைத் தூக்கக்கூடத் தெம்பு இல்லை. அந்த நேரம் பார்த்தா முறுக்கனின் முன்காலில் கருவேல முள் ஏற வேண்டும்! கால் பொதபொதவென்று வீங்கிவிட்டது.

"இன்னைக்கு இவ வயித்துல ஏதாவது போகலேன்னா பிள்ளை தேறாதுங்க. நானே போறேன்" என்றது மயிலை.

"நீயா! வேட்டைக்கா!" வலியிலும் முறுக்கனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிச்சது போதும். என்ன செய்யணும், சொல்லுங்க."

"காத்து உன் மூஞ்சியில அடிக்கணும். முதுகுல அடிச்சா, உன் வாசனை உனக்கு முன்னால போய்ச் சொல்லிடும். பதுங்கு. கிட்டப் போ. பாய். அவ்வளவுதான்!"

"அவ்வளவுதானா! இதுக்கா தினமும் அத்தனை அலுத்துக்கிறீங்க?"

மயிலை குட்டியை நக்கிக் கொடுத்தது. கண்ணை மூடி, 'ஆண்டவனே, என் பிள்ளை பசிக்குப் போதுமானதைக் கொடு. அதுக்கு மேல நான் கேக்கல' என்று வேண்டிக்கொண்டு கிளம்பியது.

தண்ணீர் ஓரத்தில் ஒரு கானாங்கோழி வெள்ளை மார்பைக் காட்டிக்கொண்டு மேய்ந்தது. காற்று மயிலையின் முகத்தில்தான் அடித்தது. பதுங்கியது. கிட்டப் போனது. பாயப் போகும் நேரத்தில், "க்வாக்! க்வாக்!" என்று கத்திக்கொண்டு கோழி புதருக்குள் ஓடிவிட்டது.

மயிலை வேறு இடம் பார்த்தது. அங்கேயும் அதே கதைதான். வெயில் ஏறிக்கொண்டே போனது. வீட்டில் குட்டி கிடக்கிற கிடப்பை நினைத்து அது அடுத்த புதருக்கு ஓடியது.

தண்ணீருக்கு நடுவே ஒரு பாறை. அதன்மேல் ஒரு வாலாட்டிக் குருவி உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது.

"அக்கா! அக்கா! நாம ரெண்டு பேரும் சொந்தமா?" என்று அது கேட்டது.

"நீ பறவை, நான் பூனை. என்ன சொந்தம்?"

"எனக்குத்தான் வாலாட்டின்னு பேரு. நீங்க என்னைவிட நல்லா ஆட்டுறீங்களே!"

மயிலை திரும்பிப் பார்த்தது. அடக் கடவுளே! அதன் வால் நுனி காய்ந்த கோரையில் 'சரக் சரக்' என்று அடித்துக்கொண்டிருந்தது!

"நல்லா இருப்பே தங்கச்சி!" என்றது மயிலை.

"அட, திட்டுவீங்கன்னு பார்த்தா வாழ்த்துறீங்க!" என்று குருவி வாயைப் பிளந்தது.

ஆனால் வாலை அடக்குவது லேசாக இல்லை. குட்டியை நினைத்தால் மனசு பதறியது. மனசு பதறினால் வால் துடித்தது. காலால் அமுக்கினாலும் நழுவியது. மயிலை அப்படியே படுத்து, மனசுக்குள் கடவுள் பேரைச் சொன்னது. சொல்லிச் சொல்லி மூச்சு நிதானப்பட்டது. வாலும் அடங்கியது.

கானாங்கோழி ஒன்று தானாகவே பக்கத்தில் வந்தது. ஒரே பாய்ச்சல்!

மயிலை கோழியைக் கவ்விக்கொண்டு மூச்சிரைக்க வீடு வந்து சேர்ந்தது. "ரெக்கையைப் பிய்ச்சு, வயித்தைக் கீறி, ஈரலை எடுத்து வைங்க. மெத்துனு அதுதான் குட்டிக்கு இறங்கும். நான் அவளை எழுப்புறேன்."

"இதெல்லாம் ஒரு வேலையா? ஒத்தைக் கையால முடிக்கிறேன் பாரு!" என்றது முறுக்கன்.

பிய்க்கப் பிய்க்கப் பஞ்சுபோல் வெள்ளை இறகு பறந்தது. மூக்கில் ஏறியது. "அச்சூ!" நாக்கில் ஒட்டியது. "தூ!" ஒருவழியாக வயிற்றைக் கீறிவிட்டு முறுக்கன் குரல் கொடுத்தது.

"ஏ மயிலை! ஈரலோட பச்சையா ஒரு முத்து ஒட்டியிருக்கு. நசுக்கித் தள்ளிடவா?"

மயிலைக்கு உயிரே போய்விட்டது.

"ஐயோ! நகத்தை எடுங்க!" ஒரே தாவாகத் தாவி வந்தது. "அது பித்தப்பைங்க! உடைஞ்சா ஈரலெல்லாம் கசந்துடும். பிள்ளை நாக்குல வைக்க மாட்டா!"

முறுக்கனின் நகம் அந்தப் பையின் மேலேதான் இருந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் தீர்ந்தது! அது மெல்ல நகத்தை உள்ளிழுத்துக்கொண்டது. மயிலை நுனிப் பல்லால், சுற்றி இருந்த துளி ஈரலோடு சேர்த்துப் பையைக் கடித்தெடுத்தது. தூரக் கொண்டுபோய் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வந்தது.

"இத்தனை நாளா இதை ஏன் சொல்லல?" என்றது முறுக்கன்.

"நீங்க வாலைப் பத்திச் சொன்னீங்களா?"

"வாலா? அது தானா அடங்கிடுமே!"

"எனக்கும் பல்லு தானா அதை ஒதுக்கிடும்ங்க."

இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அப்புறம் ஈரலைக் குட்டியின் வாயருகே வைத்தன.

தவிட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டது. மயிலை ஈரலை இன்னும் கிட்டத்தில் நகர்த்தியது. குட்டி மெல்ல முகர்ந்தது. நக்கியது. ஒரு துண்டை மென்றது. இன்னொரு துண்டையும் மென்றது. பிறகு தலையைத் தூக்கிப் பார்த்தது.

"அம்மா, அப்பாவுக்கு மீசை வெள்ளையா முளைச்சிருக்கு!" என்று கெக்கெக்கே என்று சிரித்தது.

மயிலையின் நெஞ்சிலிருந்த பாரம் அப்படியே இறங்கியது.

பழகிய கைக்குச் சுலபமாக வருகிறது என்பதற்காக, அடுத்தவர் செய்கிற வேலையைச் சுலபமான வேலை என்று எண்ணிவிடக் கூடாது.