மருதாயி வாங்கிய வெயில்

இலுப்பைத் தோப்பில், அருவியை ஒட்டி நின்ற பெரிய மரத்தில் இரண்டு குடித்தனங்கள் இருந்தன. மேல் பொந்தில் அணில் ராக்கம்மா. கீழ்ப் பொந்தில் தேவாங்கு மருதாயி, தன் இரண்டு குட்டிகளோடு. மருதாயியின் புருஷன் வேறு தோப்புக்குப் போய்விட்டான். தேவாங்குகளில் அது வழக்கம்தான் என்பார்கள். தனியாகச் சுமை இழுக்கிறவளுக்கு வழக்கமாவது ஒன்றாவது!

மருதாயிக்கு ராத்திரியில்தான் வேலை. இருட்டியதும் கிளம்பி, மரம் மரமாக ஏறிப் பிசின் சுரண்டிச் சேர்த்து, விடிகிற நேரத்துக்குத் திரும்புவாள். வந்ததும் சுருண்டு படுத்துவிடுவாள். இடுப்பு என்று ஒன்று இருப்பதே வலிக்கிறபோதுதான் ஞாபகம் வரும். அது தினமும் ஞாபகம் வந்தது.

சேர்த்த பிசினில் பாதிக்கு மேல் கரண்டுக்கே போய்க்கொண்டிருந்தது.

அந்தக் காட்டில் கரண்டு கொடுப்பவை நீர்நாய்கள். அருவியில் சக்கரம் போட்டு, மரத்துக்கு மரம் கம்பி இழுத்திருந்தன. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கொக்கார் வந்து மீட்டரைப் பார்த்து, யார் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று சொல்வார். குறைவாக ஓடினால் விலை குறைவு. ஓர் அளவைத் தாண்டினாலோ விலை ஒரே தாவாகத் தாவும். மருதாயி வீட்டில் அது தாண்டாத நாளே இல்லை.

காரணம் சின்னக் குட்டி. பிறந்ததிலிருந்தே அதன் உடம்பில் சூடு தங்காது. பகலில் அம்மாவின் மடி இருக்கிறது. ராத்திரிக்கு? ஹீட்டர் வைத்த ஒரு பெட்டியில் குட்டியைப் படுக்க வைத்து, விடிகிற வரை ஓடவிட்டுத்தான் மருதாயி வேலைக்குப் போவாள். பெட்டி ஆடாமல் இருக்க அடியில் ஆற்றுக் கற்கள் போட்டிருந்தாள். காலையில் ஹீட்டரை அணைத்த பிறகும் அந்தக் கற்களில் வெகுநேரம் சூடு இருக்கும். அதில் இடுப்பை ஒட்டிவைத்துக்கொண்டு தூங்குவதுதான் அவளுக்குக் கிடைத்த ஒரே சுகம்.

மழை பிடித்துவிட்டால் பிசின் வடியாது. அதற்குள் பானை நிறைந்தால்தான் மூன்று வயிறும் பிழைக்கும். பானை பாதிக்கு மேல் ஏறியதே கிடையாது.

ஒரு நாள் சாயங்காலம் கொக்கார் கணக்குச் சொல்லிவிட்டுப் போனதும், மருதாயி மேலே பார்த்துக் கேட்டாள்.

"உனக்கு எவ்வளவுடி வந்துச்சு, ராக்கம்மா?"

"எனக்கா? ஒரு கை இலுப்பைக் கொட்டை. சோலார் போட்டதிலிருந்து அவ்வளவுதான்க்கா."

"நாள் பூரா கொட்டை உடைக்கிற மெஷின் ஓடுதே?"

"ஓடத்தான் செய்யுது. முன்னாடி உனக்கு வர்ற மாதிரியேதான் எனக்கும் வந்துச்சு. நீயும் போட்டுடு அக்கா. எதுக்கு இப்படித் தேய்ஞ்சு போற?"

அணில் நல்ல மனசோடுதான் சொன்னாள். மருதாயிக்கு அந்த ஒரு கைக் கொட்டை கண்ணிலேயே நின்றது. அன்று ராத்திரி பிசின் சுரண்டுகிற இடத்திலும் அதே நினைப்புதான். தனக்கு வந்ததையும் அவளுக்கு வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து மாய்ந்துபோனாள்.

மருதாயி சொல்லியனுப்பியதும் கொண்டைப் பறவை கொண்டலாத்தியார் வந்து சேர்ந்தார். சோலார் போட்டுக் கொடுப்பவர் அவர்தான். உச்சி வெயில் நேரம். மருதாயி ஒரு கண்ணைத் திறந்தாள். வெளிச்சம் குத்தியது. மூடிக்கொண்டாள்.

"தூங்குங்க தாயி, தூங்குங்க. நானே மீட்டரைப் பார்த்துக்கிடுறேன்" என்றார் அவர். கொண்டையை விரித்து மீட்டரை எட்டிப் பார்த்தார். "உங்க வீட்டிலயும் ராக்கம்மா வீட்டு அளவுதான் ஓடுது. ஒரே மரம், ஒரே வெயில். அவங்களுக்கு மூணு மழைக்காலத்துக்குள்ள போட்டது திரும்பிடும். உங்களுக்கும் அதேதான்."

"எவ்வளவு ஆகும் அய்யா?"

"பானையில இருக்கிறது போதும்."

"பானை பூராவுமா?"

"பானையை நீங்களே வச்சுக்குங்க தாயி. உள்ளே இருக்கிறதைக் குடுத்தாப் போதும்."

தூக்கக் கலக்கத்தில் மருதாயி தலையை ஆட்டிவிட்டாள். அடுத்த நாளே உச்சிக் கிளையில் சோலார் பலகை ஏறியது. அந்தத் தோப்பில் வெயில் படுவது உச்சிக் கிளையில் மட்டும்தான். கீழே எப்போதும் நிழல். பொந்துக்குள் ஒரு பச்சை விளக்கு வைத்தார்கள். பலகையிலிருந்து கரண்டு வந்தால் அது எரியும். மருதாயி விழித்திருந்த நேரத்தில் அது ஒரு நாளும் எரிந்ததில்லை. அதுவும் தூங்குகிறது போல என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டு மாதம் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி ஓட்டினாள். கொக்கார் வந்தார், மீட்டரைப் பார்த்தார், கணக்குச் சொன்னார். கிட்டத்தட்ட பழைய கணக்கேதான்.

மருதாயி மீட்டரை எட்டிப் பார்த்தாள். "சரியாப் பார்த்தீங்களா அய்யா?"

"ரெண்டு தடவை பார்த்துட்டேம்மா. பகல்ல உங்க பலகைக் கரண்டு எங்க கம்பிக்கு வருது. ராத்திரி நீங்க எங்ககிட்ட எடுக்கறீங்க. வர்றதுக்கு ஏதோ கொஞ்சம் கழிப்போம். எடுக்கிறதுக்கு முழு விலை. அதுதான் முறை."

"அப்போ ராக்கம்மாவுக்கு?"

"அவங்க மெஷின் பகல்ல ஓடுது. வர்ற கரண்டை அப்பவே செலவு பண்ணிடுறாங்க. பொழுது சாய்ஞ்சா தூங்கிடுறாங்க."

மருதாயி வழியில் பிடித்து நிறுத்திக் கேட்டபோது கொண்டலாத்தியார் கொஞ்சமும் அசரவில்லை. "எவ்வளவு ஓடுதுன்னு பார்த்தேன் தாயி. எப்ப ஓடுதுன்னு நீங்களும் சொல்லல, நானும் கேக்கல" என்றார். அது பொய்யும் இல்லை. அதனால்தான் அவளுக்கு இன்னும் எரிந்தது. திட்டலாம் என்று வாயைத் திறந்தாள். திட்டுவதற்கும் தெம்பு வேண்டுமே. திரும்பி வந்துவிட்டாள்.

பானை காலி. மழையோ நெருங்கிக்கொண்டிருந்தது. அன்று ராத்திரி மருதாயி ஹீட்டரைப் போடவில்லை. "தம்பியைக் கட்டிப் பிடிச்சுப் படுத்துக்கம்மா" என்று மூத்த குட்டியிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

விடியற்காலையில் வந்து தொட்டுப் பார்த்தால் சின்னது சில்லிட்டுக் கிடந்தது. மூச்சு இருக்கிறதா என்று காதை வைத்துக் கேட்க வேண்டியிருந்தது. இருந்தது. அவள் அழுதுவிட்டாள். குட்டியை நெஞ்சோடு அணைத்து, தேய்த்துத் தேய்த்து, மூச்சை அதன் மேல் விட்டு விட்டு உட்கார்ந்திருந்தாள். வழக்கம்போல இடுப்பைக் கல்லில் ஒட்டிவைத்தபோது கல்லும் சில்லென்று இருந்தது. அன்று அவளுக்குத் தூக்கம் வரவில்லை. பிறந்ததிலிருந்து முதல் முறையாக மருதாயி உச்சிப் பொழுதில் கண்ணை முழுசாகத் திறந்து விழித்திருந்தாள்.

பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

அவள் அதையே பார்த்தாள். தன் பானை மொத்தமும் அந்த விளக்குக்குப் பின்னால் கரண்டாக ஓடி, நீர்நாய்களின் கம்பிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. தான் தூங்கிய ஒவ்வொரு பகலும் அப்படித்தான் போயிருக்கிறது. வெயிலை விலைக்கு வாங்கிவிட்டு, அது வருகிற நேரத்தில் தான் வீட்டில் இருந்தும் இல்லாதவளாக இருந்திருப்பது அப்போதுதான் புரிந்தது.

முதுகுக்குப் பின்னால் கல் இன்னும் சில்லென்று இருந்தது. ராத்திரி ஓடிய ஹீட்டரின் சூட்டைப் பகல் வரை வைத்திருந்த கல்தானே இது? அப்படியானால் பகல் சூட்டை ராத்திரிக்கு வைத்திருக்காதா?

எழுந்து போய் ஹீட்டரைப் போட்டாள். சாயங்காலம் வரைக்கும் கற்களைச் சூடாக்கி, சுற்றிலும் சருகை அடைத்து, மேலே குட்டியைப் படுக்க வைத்தாள். ஹீட்டரை அணைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாலும் மனசு கேட்கவில்லை. இரண்டு மரம் ஏறியவள் திரும்பி ஓடி வந்து தொட்டுப் பார்த்தாள். குட்டி கதகதப்பாகத் தூங்கியது. மறுநாள் ஆற்றிலிருந்து இன்னும் சில கற்களைத் தூக்கி வந்தாள். அதன் பிறகு விடிகிற வரைக்கும் சூடு தாங்கியது.

அடுத்த முறை கொக்கார் சொன்ன கணக்கைக் கேட்டு மருதாயி இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். ஒரு சின்ன உருண்டைப் பிசின். அவ்வளவுதான். மழைக்கு முன்னால் பானை நிறையவில்லை, ஆனாலும் முக்கால் வந்தது. சின்னக் குட்டி பொந்து வாசல் வரை தவழ ஆரம்பித்தது.

ஆனால் கல் தானாகச் சூடாகி விடுமா? மேலே இருப்பதைக் கீழே திருப்பிப் போட வேண்டும். சருகு தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மேகம் மறைத்தால் உடனே அணைக்க வேண்டும், இல்லாவிட்டால் நீர்நாய்க் கரண்டு ஓட ஆரம்பித்துவிடும். ராத்திரி பூரா பிசின், பகல் பூரா கல். நடுவில் கிடைத்த நேரத்தில் கோழித் தூக்கம் போட்டாள். அவள் கண்ணைச் சுற்றிக் கறுப்பு விழுந்தது.

வானம் வெளுத்திருந்த ஒரு பகலில் கொண்டலாத்தியார் அந்தப் பக்கம் வந்தார். கொக்கார் சொல்லிக் கேள்விப்பட்டிருப்பார் போல. கொண்டை முழுவதும் விரிந்திருந்தது.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல தாயி! இப்போ சொல்லுங்க, லாபமா இல்லையா?"

மருதாயி கையிலிருந்த கல்லைத் திருப்பிப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"லாபம்தான் அய்யா" என்றாள். "என் தூக்கத்தை மட்டும் கணக்குல சேர்க்காம இருந்தா."

கொண்டலாத்தியார் அவள் கண்ணைப் பார்த்தார். கொண்டை மெல்லச் சுருங்கியது. பறந்து போனார். அதன் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் மீட்டரைப் பார்க்கும் முன் "நீங்க எப்போ தூங்குவீங்க?" என்றுதான் கேட்கிறாராம். தேவாங்குகளின் கண்ணைச் சுற்றி இன்றைக்கும் கறுப்பு வளையம் இருப்பது மருதாயியில் தொடங்கியதுதான்.

பக்கத்து வீட்டுக்கு லாபமாக இருப்பது நம் வீட்டுக்கும் லாபமாக இருக்குமா என்பதை, அவர்கள் கட்டுகிற தொகையைப் பார்த்து அல்ல, நாம் வாழ்கிற பொழுதைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.