நீட்டிய நாக்கு

முன்னொரு காலத்தில் எட்டுத் திசையும் நடுங்க ஆண்ட மாமன்னர் ஒருவர் இருந்தார். அகண்டவர்மர் என்று பெயர். எந்தத் திசை நடுங்கியது என்று கேட்கக் கூடாது, அவர் நாட்டின் ஒரு கோடியில் தும்மினால் மறுகோடியில் "நூறு!" என்பார்கள்.

அவருக்கு மணம் பேசி, தொலைதூர மலைநாட்டிலிருந்து பேமா என்ற இளவரசி வந்து சேர்ந்தாள். சபைக்குள் வந்தாள், தலை குனிந்தாள், அரசரைப் பார்த்து நாக்கை நீட்டினாள்.

சபையே பதறி எழுந்தது. அமைச்சர் விழுப்பரையர் மட்டும் சட்ட ஓலையைப் பிரித்தார். "அரசர் முகத்துக்கு நேரே நாக்கை நீட்டுபவர் எவராயினும் மறுநாள் உச்சிப்பொழுதுக்குள் நாடு நீங்க வேண்டும்."

அவள் கண்ணில் கேலியே இல்லையே என்று அரசருக்குத் தோன்றியது. சபை நடுவில் அதைச் சொல்ல முடியுமா? தலையை ஆட்டிவிட்டார். அன்றிரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

விடிந்தது. பல் துலக்கிய அரசர், கண்ணாடி முன் நின்று வெள்ளி வழிப்பானால் நாக்கை வழித்துக்கொண்டிருந்தார். பேமாவை நாடு கடத்தும் ஓலையில் முத்திரை வாங்க அமைச்சர் அருகில் காத்திருந்தார். அப்போது விகடகவி சேந்தன் இரண்டு காவலரோடு உள்ளே பாய்ந்தான்.

"பிடியுங்கள் அவனை!"

"யாரையடா?" என்றார் அரசர்.

"கண்ணாடியில் நிற்கிறானே, அவனை! மன்னர் முகத்துக்கு நேரே அடிநாக்கு வரை நீட்டினான். நானே சாட்சி."

"மூடனே! நாக்கு வழிப்பது அவமதிப்பாகுமா?" என்று சீறினார் அமைச்சர்.

"ஓகோ, எதற்காக நீட்டினான் என்று பார்க்க வேண்டுமோ? அந்தப் பெண்ணிடம் யார் கேட்டீர்கள், ஐயா?"

அரசர் வாய் கொப்பளித்த நீர் அமைச்சர் மேல் தெறிக்கச் சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சேந்தனுக்குப் போட்டார். ஓலையைக் கிழித்துவிட்டு, தோட்டத்தின் வழியே தானே கேட்கப் போனார்.

பேமா மூட்டையைக் கட்டி வைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள்.

"எங்கள் ஊரில் வஞ்சகனுக்கு நாக்கு கறுத்திருக்கும் என்பார்கள், அரசே. என் மனதில் கறுப்பில்லை என்று காட்டத்தான் நீட்டினேன். எல்லோருக்கும் காட்ட மாட்டோம். மனதுக்குப் பிடித்தவர்களுக்குத்தான்."

அரசர் அவள் அருகே வந்தார். யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு குழந்தையைப் போலக் கண்ணை இறுக மூடிக்கொண்டு தன் நாக்கை நீட்டினார்.

பேமா வீலென்று அலறினாள்.

வரும் வழியில் அரசர் ஒரு கை நாவற்பழம் தின்றிருந்தார்.