எந்த வேட்டி வெள்ளை?

ஒன்றியத் தலைவர் வஜ்ரவேலுவுக்குத் தன் வேட்டியின் வெள்ளைதான் உயிர். வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்கு இலவச வேட்டி கொடுக்கும் விழாவில் அதற்கே ஆபத்து வந்தது. மஞ்சள் துணிப் பந்தலுக்குக் கீழே, கேமரா படத்தைக் காட்டிய பெரிய திரையில் அவர் வேட்டியும் மஞ்சளாகத் தெரிந்தது.

“ஏம்மா, இந்த நிமிஷமே என் வேட்டி வெளுக்கணும். இல்லேன்னா கேமரா உடையும்!”

அவருடைய ஆட்கள் இருவர் கேமரா ஸ்டாண்டைப் பிடித்துவிட்டார்கள். படம் பிடிக்க வந்த கோமளா கேமராவை விடவில்லை.

“ஆகட்டுங்க ஐயா. சுத்த வெள்ளையா ஒண்ணைக் காட்டி, இதுதான் வெள்ளைன்னு கேமராவுக்குச் சொல்லணும். நீங்க கொடுக்கிற வேட்டி வெள்ளைதானே?”

தலைவர் மைக்கிலேயே முழங்கினார். “பால் வெள்ளை! நானே பார்த்து வாங்கினது!”

இலவச வேட்டி ஒன்றை லென்ஸ் முன்னால் விரிக்கச் சொல்லி, கோமளா பட்டனை அழுத்தினாள். திரையில் அது வெளுத்தது. தலைவரோ பாம்பு கடித்தவர் மாதிரி நீலம் பாரித்து நின்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

“என்னடி பண்ணினே?” தலைவர் கத்தினார். ஆட்கள் ஸ்டாண்டைத் தூக்கினார்கள்.

“இருங்க ஐயா, உங்க வேட்டியைக் காட்டிப் பார்க்கிறேன்.” மறுபடி அழுத்தினாள். தலைவர் பளிச்சென்று வெளுத்தார். கேமராவை, இலவச வேட்டி வாங்கியிருந்த ஜனங்கள் பக்கம் திருப்பினாள். அவர்கள் கையிலிருந்த அத்தனை வேட்டியும் பழுப்பு.

சிரிப்பு நின்றுவிட்டது.

“ஐயா, எதை வெள்ளைன்னு வைக்கட்டும்? உங்களுதையா, இவங்களுதையா?”

வரிசையில் முதலில் நின்றவர் கையிலிருந்த இலவச வேட்டியை மேடைமேல் போட்டார். “தலைவர் கட்டியிருக்கிறதையே வைம்மா. எங்களுக்கும் அதுவே வேணும்.”

ஸ்டாண்டைப் பிடித்திருந்த இருவரும் மெதுவாகக் கையை எடுத்தார்கள்.