ஆசான் மறைத்து வைத்த பிடி

“ஆசான், நீங்க எனக்கு எல்லாத்தையும் சொல்லித் தரல்ல. என்னவோ ஒண்ண மறைச்சு வச்சிருக்கிய.”

ரெத்தினபாய் இப்படிக் கேட்டது கபடி ஃபைனல் நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு. அவள் பார்த்த நேரத்தைப் பாருங்கள். வெளியே பள்ளி மைதானத்தில் மைக்செட் அலறிக்கொண்டிருக்கிறது. கோச் வகுப்பறை வாசலில் நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருக்கிறார். உள்ளே பெஞ்சுகளை ஓரமாக அடுக்கி, தரையில் பாய் விரித்து, ஆட வேண்டிய பெண்ணைக் காலை நீட்டி உட்கார வைத்திருக்கிறார்கள்.

ஆசான் நேசமலர், சுளுக்குக்கும் வலிக்கும் போடுகிற காயத்திருமேனி எண்ணெய்க் குப்பியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். திருகுவதை நிறுத்தினாள்.

ஆசானுக்கு முப்பத்துநாலு வயது. சிஷ்யைக்கு ஐம்பத்திரண்டு. ஆணோ பெண்ணோ, குமரி மாவட்டத்தில் வர்மமும், தொக்கணம் என்கிற நீவு வைத்தியமும் கற்றுத் தருகிறவர் ஆசான்தான். ஆசான் சிஷ்யையை அக்கா என்று கூப்பிடுவாள். சிஷ்யை ஆசானிடம் நீங்க வாங்க என்றுதான் பேசுவாள். யாருக்கும் அதில் சங்கடம் இல்லை.

“எத மறைச்சேன் அக்கா?”

“அது தெரிஞ்சா நான் ஏன் கேக்குதேன்? நான் கை வச்சா வலி போகுது. விடிஞ்சா திரும்பி வந்து நிக்குது. நீங்க கை வச்சா போன வலி போனதுதான். எண்ணெயும் ஒண்ணுதான், பாயும் ஒண்ணுதான். அப்போ ஒங்க கையில என்னவோ இருக்கு.”

அவள் ஆதங்கத்தில் நியாயம் இருந்தது. தொக்கணத்தில் ஒன்பது வகை உண்டு. தட்டுவதில் தொடங்கி அசைப்பதில் முடியும். எட்டு மாதத்தில் ஒன்பதையும் ரெத்தினபாய் கரைத்துக் குடித்துவிட்டாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை தப்பாமல் சொல்வாள்.

கையும் லேசுப்பட்ட கை இல்லை. முப்பது வருஷம் முந்திரி ஆலையில் கொட்டை உடைத்த கை. அவள் தொடையைப் பிடித்தால் மீசை வைத்த ஆம்பிளைகளும் அம்மையைக் கூப்பிடுவார்கள்.

பாயில் உட்கார்ந்திருந்தவள் ஜெபிஷா. பத்தொன்பது வயது. அணியின் ரெய்டர்களில் அவளைத்தான் எதிரணி பயந்து பார்க்கும். இருபது வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் இதுதான் அவளுக்குக் கடைசி வருஷம். மாநில அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் இன்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். போன வருஷம் அவர்கள் வந்த அன்று அவளுக்கு அம்மை போட்டிருந்தது.

இந்த வருஷம் கால்.

நாலு நாளாக வலது காலை மடக்கி உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். எலும்பில் கோளாறில்லை, ஜவ்விலும் கோளாறில்லை, வலி விட்டால் ஆடலாம் என்று சொல்லிவிட்டார். அந்த வலி விட்டால்தானே. ஆசான் வெளியூர் போயிருந்ததால் ரெத்தினபாய் மூன்று நாள் ராப்பகலாக முழங்காலைத் தடவினாள். சாயங்காலம் குதித்துக்கொண்டு போகிற பெண், காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

மூன்றரை மணிக்குள் கோச் பெயர்ப் பட்டியல் கொடுக்க வேண்டும். ஜெபிஷா உண்டா இல்லையா என்று கதவுக்கு வெளியே நின்று இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

ஆசான் எண்ணெய்க் குப்பியைத் தரையில் வைத்தாள். பெண்ணின் காலைத் தொடவில்லை.

“பாயில படுங்க அக்கா.”

“யாரு, நானா?”

“நீங்கதான்.”

ரெத்தினபாய் பாயைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், ஆசானைப் பார்த்தாள். நல்ல நேரம் பார்த்து நமக்குப் பாய் விரிக்கிறாளே என்று நினைத்திருப்பாள். ஆனாலும் ஆசான் சொன்னால் சொன்னதுதான். சேலையை ஒதுக்கிக்கொண்டு படுத்தாள்.

ஆசான் ஜெபிஷாவைப் பார்த்தாள்.

“ஒனக்க வலிய இந்த அக்காக்க கால்ல காட்டு. எங்க இருக்கோ அங்க. எவ்வளவு இருக்கோ அவ்வளவு. வாயத் தொறக்கக் கூடாது.”

ஜெபிஷாவுக்குச் சிரிப்பு வந்தது. அம்மை வயசுள்ள ஒருத்தி காலில் எப்படிக் கை வைப்பது என்று தயங்கினாள். மூணு நாள் அவங்க ஒன்ன அழுத்தினாங்க இல்லியா, இப்ப ஒனக்க முறை என்றாள் ஆசான். அதைக் கேட்டதும் பெண்ணுக்குக் கொஞ்சம் உற்சாகம் வந்துவிட்டது.

அவள் கை முதலில் ரெத்தினபாயின் முழங்காலுக்குத்தான் போனது. அங்கே ஒரு கணம் நின்றது. பிறகு மேலே ஏறியது.

முழங்காலுக்கு ஒரு சாண் மேலே, தொடையின் முன்பக்கம், கொஞ்சம் வெளிப்புறமாக நின்றது. கட்டைவிரலை ஊன்றினாள். ஆசான் தலையை அசைத்தாள். இன்னும் ஊன்றினாள்.

“ஏசுவே,” என்றாள் ரெத்தினபாய்.

ஜெபிஷா விடவில்லை. அங்கிருந்து விரலை இழுத்துக்கொண்டு முழங்கால் சில்லு வரை வந்தாள். சில்லின் மேல் விரல் தொட்டும் தொடாமலும் நின்றது. மறுபடி மேலே போய் ஊன்றினாள். மறுபடி இழுத்தாள். மேலே இவ்வளவு, கீழே இத்துனூண்டு என்று அந்தக் கை தெளிவாகச் சொன்னது.

ரெத்தினபாய் எழுந்து உட்கார்ந்தாள்.

“இது தொடையில்லா? முட்டுன்னு சொன்னியே மக்ளே.”

“நான் எங்க மாமி சொன்னேன்?”

பெண் ஆசானைப் பார்த்தாள். இனி வாயைத் திறக்கலாம் என்று ஆசான் கண்ணால் சொன்னாள்.

“மொத நாளு நான் செருப்பக் கழட்டும்போதே, முட்டுதானேன்னு நீங்க கேட்டிய. நானும் ஆமான்னுட்டேன். வைத்தியம் பாக்கியவங்களுக்குத் தெரியாதா என்ன?”

“சரி. வலி போச்சான்னு தெனமும் கேட்டேனே. போச்சுன்னுதானே சொன்ன.”

ஜெபிஷா பாயின் கோரையைப் பிய்த்தாள்.

“நீங்க அவ்வளவு ஆசையா கேட்டிய மாமி.”

ரெத்தினபாய்க்கு முகம் சுருங்கிவிட்டது. வெட்கமாக இருந்தது, கோபமும் வந்தது. யார் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை.

ஆசான் சாவகாசமாகச் சில பேரை நினைவுபடுத்தினாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார் தபால்காரர், அவருக்கும் ரெத்தினபாய் முழங்காலைத் தடவி அனுப்பினாள். ரப்பர் வெட்டுகிற மனிதருக்குக் கெண்டைக்காலில் இழுப்பு, அவருக்கும் முழங்கால்தான். கோயில் பாடகர் குழுவில் நின்று பாடி நின்று பாடிக் குதிகால் வீங்கி வந்த பெண்ணையும் அவள் விடவில்லை.

“எட்டு மாசமா ஒங்க பாயில படுத்த எல்லாருக்கும் முட்டுலதான் கோளாறு அக்கா.”

“அது ஏன் ஆசான்?”

“மணி ரெண்டேகால். தொடையில கை வைங்க.”

ரெத்தினபாய் திரும்ப ஏதோ கேட்க வாயெடுத்தாள். ஆசான் அதற்குள் எழுந்துபோய் ஜன்னல் திட்டில் ஏறி உட்கார்ந்து, இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டாள். இனி அந்தக் கை இறங்கி வராது என்பது தெரிந்துவிட்டது.

ஜெபிஷா படுத்தாள். ரெத்தினபாய் எண்ணெயைக் கையில் ஊற்றிச் சூடு பறக்கத் தேய்த்தாள். தொடையில் வைத்தாள். இங்கயா என்று ஆசானைக் கேட்டாள்.

“அவ ஒங்க கால்ல காட்டினாளே. அதுக்குள்ள மறந்து போச்சா?”

மறக்கவில்லை. அந்த இடம் இன்னும் விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. ரெத்தினபாய் தன் தொடையில் அதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அதே இடத்தைப் பெண்ணின் தொடையில் தேடினாள்.

இருந்தது. பிழிந்து போட்ட ஈரத்துணி போல ஒரு முறுக்கு. மூன்று நாளாக அதற்கு ஒரு சாண் கீழே உட்கார்ந்து அவள் வைத்தியம் பார்த்திருக்கிறாள்.

“அடி பாவி,” என்றாள் தனக்குத்தானே. அவளுக்குக் கை பரபரத்தது. ஒரே அழுத்தில் உடைத்துவிட வேண்டும்போல் இருந்தது.

ஜெபிஷாவின் கால்விரல்கள் ஐந்தும் மடங்கின. ரெத்தினபாய் அதைப் பார்த்தாள். எட்டு மாதத்தில் அவள் ஒரு கால்விரலைக்கூடப் பார்த்ததில்லை. அழுத்தத்தைக் குறைத்தாள். விரல்கள் நிமிர்ந்தன.

அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. உள்ளங்கை அடியால் முழங்காலுக்கு மேலிருந்து தொடங்கி, மெல்ல மெல்ல மேல்நோக்கி நீவினாள். விரல் மடங்கினால் நின்றாள், நிமிர்ந்தால் போனாள். தசையைப் பக்கவாட்டில் பிடித்து உருட்டினாள். முறுக்கு முதலில் அசையவில்லை. பிறகு ஓரமாக நழுவியது. பிறகு கைக்குள் இளகியது.

“விட்டுது ஆசான்.”

ஜன்னல் திட்டில் ஆசான் கட்டிய கையைப் பிரிக்கவில்லை.

இரண்டு கையாலும் தொடையைத் தளர்த்தி அசைத்தாள். பெண்ணைக் குப்புறத் திருப்பி, குதிகாலைப் பிடித்து மடக்கினாள். நேற்றுப் பாதி தூரத்தில் முட்டிக்கொண்டு நின்ற கால் இது. இன்றைக்குப் போனது, போனது, குதிகால் பிருஷ்டத்தில் போய்த் தொட்டது.

ஜெபிஷா எழுந்தாள். குத்த வைத்து உட்கார்ந்தாள். எழுந்தாள். நம்பாமல் மறுபடி உட்கார்ந்து எழுந்தாள். ரெத்தினபாயைக் கட்டிப் பிடித்தாள், எண்ணெய்க் கையோடு அவளும் பிடித்தாள். பெண் கதவைத் திறந்து ஓடிய ஓட்டத்தில் கோச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

இன்னைக்கு மட்டும்தான், நாளையிலேருந்து ரெண்டு வாரம் காலுக்கு ஓய்வு வேணும் என்று ஆசான் கோச்சிடம் சொன்னாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பட்டியலோடு அவரும் ஓடினார்.

நாலு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. ஆசானும் சிஷ்யையும் கோட்டுக்குப் பின்னால், வெறுந்தரையில் உட்கார்ந்தார்கள். எப்பேர்ப்பட்ட ஆட்டம். ஒருவர் ஒன்று எடுத்தால் மற்றவர் ஒன்று எடுத்தார். மைக்கில் பேசியவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. ரெத்தினபாய் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை, ஜெபிஷாவின் வலது தொடையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி நிமிஷம். எதிரணி முப்பத்தொன்று, இவர்கள் முப்பது. கடைசி ரெய்டு ஜெபிஷாவுக்கு.

பாடிக்கொண்டு உள்ளே போனாள். வலது மூலையில் ஒருத்தியைத் தொட்டாள். திரும்புவதற்குள் வேறொருத்தி கணுக்காலைப் பிடித்துவிட்டாள். இன்னொருத்தி இடுப்பில் விழுந்தாள். மூன்று பேரும் சேர்ந்து தரையில் சரிந்தார்கள். நடுக்கோட்டுக்கு ஒரு முழம் இருந்தது. ஜெபிஷாவின் வலது கால் அவளுக்கு அடியில் மடிந்து கிடந்தது. அந்தக் கால்தான், அதே மடக்குதான்.

மைதானமே எழுந்து நின்றது.

மூச்சு விடாமல் பாடியபடியே அவள் அந்தக் காலை ஊன்றினாள். தொடை விம்மியது. இரண்டு பேரையும் சுமந்துகொண்டு உடம்பு ஒரு சாண் எழுந்தது, முன்னால் விழுந்தது. நீட்டிய கையின் நடுவிரல் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

விசில்.

மூன்று புள்ளி. முன்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் அவள் சட்டை எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

ரெத்தினபாய் கத்திக்கொண்டு துள்ளி எழுந்தாள். எழுந்தாள் என்று சொல்லக் கூடாது. பாதி எழுந்தாள். அப்படியே ‘அம்மோ’ என்று உட்கார்ந்துவிட்டாள்.

சுற்றிலும் எல்லோரும் குதித்துக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் தரையில் இருந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு, கண் முழுக்கத் தண்ணீர், வலது கை வலது முழங்காலில். கட்டைவிரல் சில்லின் உட்புறத்தில் போய் அமர்ந்து தானாகவே வட்டம் போட்டு நீவியது. வருஷக் கணக்காக அவள் எழும்போதும் உட்காரும்போதும் அந்த விரல் அங்கே போய்க்கொண்டிருக்கிறது. அவள் யாரிடமும் சொன்னதில்லை.

குனிந்து தன் விரலைப் பார்த்தாள்.

அதே இடம், அதே அழுத்தம், அதே வட்டம். மூன்று நாளாக ஜெபிஷாவின் காலில் போட்ட வட்டம். தபால்காரருக்கும் போட்டது.

விரல் நின்றுவிட்டது.

“ஆசான்.”

“சொல்லுங்க அக்கா.”

“மூணு நாளா நான் தடவினது எனக்க முட்டு.”

மைதானத்தில் ஜெபிஷாவைத் தோளில் தூக்கிவிட்டார்கள். ஆசான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. இரண்டு கையிலும் எண்ணெயை ஊற்றித் தேய்த்துக்கொண்டே ரெத்தினபாய்க்கு எதிரே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“கால நீட்டுங்க அக்கா. எங்க வலிக்குதுன்னு எனக்குத் தெரியாது. காட்டுங்க.”