நம் காட்டைக் கொண்டாடுவோம்

மாராத்தாள் மலையடிவாரத்து மடத்தில் இருந்தாள். ஊருக்கு அவள் ஆத்தா. அவளிடம் பாடம் கேட்டுவந்த நாச்சிமுத்து தாசில்தார் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயதில் ஆத்தாவுக்கு மூத்தவர். எதற்கும் ஒரு நோட்டீஸ் அடித்துவிட்டால் சரியாகிவிடும் என்று நம்புகிற மனிதர்.

மலையில் கல் உடைக்கக் குவாரிக்காரர்கள் அனுமதி கேட்டிருந்தார்கள். திங்கட்கிழமை கிராம சபையில் முடிவு. அதற்குள் ஊர் மனசை மாற்ற நாச்சிமுத்து ஒரு விழா வைத்தார். ‘ஞாயிற்றுக்கிழமை பொங்கல் வைத்து நம் காட்டைக் கொண்டாடுவோம்’ என்று வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்தார். மலைமேல் பந்தல் போட்டாயிற்று. மைக் வந்தது, நாற்காலி வந்தது. ஆள்தான் வரவில்லை.

மத்தியானம் மடத்துக்கு வந்தார்.

“ஈ காக்காகூட வரலீங்க ஆத்தா. அத்தனை பேரும் அவங்கவங்க சோளக்காட்டுல பொங்க வெச்சுட்டு உக்காந்திருக்கறாங்க.”

ஆத்தா சிரித்துவிட்டாள். அந்தப் பக்கத்தில் காடு என்றால் மழையை நம்பி விதைக்கிற நிலம். மரம் அடர்ந்த இடத்துக்கு மலை என்றுதான் பெயர். ஊர்க்காரர்கள் நோட்டீஸில் இருந்தபடியேதான் செய்திருந்தார்கள். ஆபீஸில் இருந்து இருந்து இவருக்குத்தான் ஊர்ப் பேச்சு மறந்துபோயிருந்தது.

“சிரிக்காதீங்க ஆத்தா. நாளைக்குக் குவாரிக்குக் கை தூக்கிருவாங்க. அந்த மரங்களோட அருமையை இவங்களுக்கு எப்படிங்க சொல்றது?”

“வாங்க, பொங்கல் சாப்பிட்டுட்டு வரலாம்.”

பக்கத்துச் சோளக்காட்டில் கருப்பணன் பானையை இறக்கிக்கொண்டிருந்தார். குவாரி வந்தால் தார் ரோடு வரும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர் அவர்தான். இரண்டு பேருக்கும் இலை போட்டார்.

“உங்க காடு எதுவரைக்குமுங்க?” என்று கேட்டாள் ஆத்தா.

“அந்தக் கிளுவை வேலி வரைக்குமுங்க.”

“மண்ணு நல்லா இருக்குது.”

“ஓடை கொண்டாந்து போட்ட வண்டலுங்க ஆத்தா.”

“ஓடைக்கு ஏது தண்ணி?”

“மேல ஊத்து இருக்குதுங்களே. சித்திரையிலயும் கசியுமுங்க.”

“ஊத்து எங்க இருக்குது?”

கருப்பணன் அகப்பையோடு கையை நீட்டினார். கை வேலியைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, மலையில் மரம் கறுத்துக் கிடந்த இடத்துக்குப் போயிற்று. நாச்சிமுத்துவின் பந்தல் அங்கேதான் தெரிந்தது.

நீட்டிய கை கொஞ்ச நேரம் இறங்கவில்லை.

“குவாரி அந்த எடத்துலதானுங்களா?” என்று நாச்சிமுத்துவைப் பார்த்துக் கேட்டார்.

நாச்சிமுத்து தலையாட்டினார்.

“அங்க வெடி வெச்சா ஊத்து என்னங்க ஆகும், ஆத்தா?”

ஆத்தா சாப்பிட்டு முடித்து இலையை மடித்தாள்.

“உங்க காட்டுலதான வெடி வெக்கறாங்க? நீங்கதான் சொல்லோணும்.”