கிருமிகளுக்கு நடந்த கடைசி மரியாதை

மலைமேல் இருக்கிற சொரக்காய்ப்பட்டிக்காரர்கள் தங்கமானவர்கள். மூளையை மட்டும் வீணாகச் செலவழிக்க மாட்டார்கள். அந்த ஊர் ஒச்சப்பனுக்கு இரண்டு மாதப் பெண் குழந்தை. பக்கத்து ஊரில் கக்குவான் இருமல் வந்து ஒரு கைக்குழந்தை செத்துப்போனதிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. தொட்டிலில் மகள் தும்மினால்கூட உயிர் போய் உயிர் வந்தது.

அடிவாரத்துக்குத் தடுப்பூசி வந்துவிட்டது என்றதும், மச்சான் வீரணனை இழுத்துக்கொண்டு ஓடினான். நர்ஸ் ஜெபமணி ஐஸ் பெட்டியைத் தூக்கி அவன் தலையில் வைத்தார்.

"எனக்கு முட்டி வலி, மெதுவா ஏறி வர்றேன். நீங்க முன்னால போய் நிழல்ல வைங்க. திறக்காதீங்க."

"உள்ள என்னம்மா இருக்கு?"

"கக்குவான் கிருமிதான். செத்த கிருமி, பயப்படாதே."

ஒச்சப்பன் உடனே செருப்பைக் கழற்றினான். வீரணன் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான்.

"எத்தனை பேரும்மா போய்ட்டாக?"

"கோடிக்கணக்குல இருக்கும்" என்று நர்ஸ் சிரித்தார். இழவுச் சேதி சொல்லும்போது சிரிக்கிறாரே என்று இருவருக்கும் மனத்தாங்கல்.

பெட்டி ஊருக்குள் நுழைந்தபோது சங்கு ஊதினார்கள். நிழலில் வைக்கச் சொன்னதால் பந்தல் போட்டார்கள். பெண்கள் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து மாரடித்து அழுதார்கள். பிறகு ஆண்கள் கூடிப் பேசினார்கள்.

"புதைக்கிறதா, எரிக்கிறதா?"

"அவுக வழக்கம் யாருக்குத் தெரியும்?"

"கோடிப் பேருக்குக் குழி வெட்ட நம்மகிட்ட ஏது மம்பட்டி? எரிச்சிருவோம்."

"பிள்ளைக்கு ஊசி போட்டுட்டு எரிக்கலாமே" என்றான் ஒச்சப்பன்.

வீரணன் முறைத்தான். "ஏன் மாப்ள, பொணம் கிடக்கையில பிள்ளைக்கு நல்லது பண்ணுவியா?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒச்சப்பனே விறகு சுமந்தான்.

நர்ஸ் மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது பெட்டி சிதைமேல் இருந்தது. ஒச்சப்பன் கையில் கொள்ளி. அவருக்குத் தலை சுற்றியது. ஆனாலும் இந்த ஊரோடு வாதாடிப் பழக்கப்பட்டவர்.

"நிறுத்துங்க! இவங்களைப் புதைக்கிறதுதான் வழக்கம்" என்றார். "பிள்ளைங்க தொடையில."

ஊருக்கே நிம்மதி. பிடிமண் போட வந்தவர்களை மட்டும் நர்ஸ் விரட்டவேண்டியிருந்தது. முதல் ஊசி ஒச்சப்பன் மகளுக்கு. அவள் வீறிட்டு அழுததும், "பச்சைப்பிள்ளைக்கே துக்கம் தாங்கலையே" என்று பெண்கள் மெச்சிக்கொண்டார்கள். அன்றுதான் ஒச்சப்பன் வயிறாரச் சாப்பிட்டான்.

அடுத்த மாதம் இரண்டாவது ஊசி. இந்தத் தடவை யாரையும் நம்பாமல், நர்ஸ் தானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறிவந்தார். பார்த்த மாத்திரத்தில் ஒச்சப்பன் மொட்டைத்தலையில் அடித்துக்கொண்டான்.

"ஐயோ, இன்னுமா? அந்தக் குடும்பத்துல கொள்ளி வைக்கக்கூட ஆள் மிச்சமில்லாமப் போச்சே!"